ஓர் உடன்படிக்கை, இரு மொழிகள்: மாவோரி மக்களின் ஆட்சிப் பங்கும் ஏடுகளின் பொறுப்பும்

மூலபாடத்தை ஐயமற ஓதியறியாமல் உரைகாரரின் கூற்றை மட்டும் பற்றிக்கொண்டு தீர்ப்புக் கூறுதல் கற்றோர்க்கு அழகன்று. மத்ரஸாக்களில் மாணவர்க்கு முதற்கண் புகட்டப்படும் ஒழுங்கும் இதுவே: முன்னே மத்ன், பின்னே ஷரஹ். மார்க்க நூல்களுக்கும் இலக்கிய நூல்களுக்கும் மட்டுமே உரிய ஒழுங்கு என இதனைக் கருதிவிடலாகாது. ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே எழுதப்படும் ஆவணங்களுக்கும் இது பொருந்தும். அங்கேதான் இது மிகுதியும் வேண்டப்படுகிறது. ஒரு செய்யுளின் சொல்லைப் பிழைபடப் பொருள் கொண்டால் சுவை கெடும். ஓர் உடன்படிக்கையின் சொல்லைப் பிழைபடப் பொருள் கொண்டால் நிலம் பறிபோகும்.

அத்தகைய ஆவணம் ஒன்றையும், அதன்பின் எழுந்த செய்தி ஏடுகளையும் ஈண்டு ஆராயப் புகுகிறோம். நியூசிலாந்தின் தொல்குடிகளாகிய மாவோரி மக்களின் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் வைத்தாங்கி என்னுமிடத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையே அது. ஒரு மக்கள் கூட்டம் ஆட்சியில் பங்கு பெறுவதென்றால் சட்டமன்றத்தில் சில இருக்கைகளைப் பெறுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். இருக்கை வேண்டியதுதான். ஆயினும், தம் சொல்லை அதன் பொருள் குன்றாமல் நாட்டாரின் செவியில் சேர்க்கும் வாயில் தம் கையில் இல்லாத வரை, அந்த இருக்கை பாதி உரிமையே. மாவோரி மக்களின் வரலாறு காட்டும் உண்மை இது.

மணியைக் கண்ட அச்சுக்காரர்

இவ்வளவு தொலைவிலுள்ள நாட்டின் செய்தி நமக்கு எதற்கு என்று வாசக அன்பர்கள் வினவலாம். அந்நாட்டுத் தலைநகராகிய வெல்லிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் வெண்கலக் கப்பல் மணி ஒன்றின் தலைப்பகுதி வைக்கப்பட்டுள்ளது. அதன் விளிம்பைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. முகைய்யதீன் வக்குசு என்பாரின் கப்பலுக்கு உரிய மணி என்பது அதன் பொருளாகப் படிக்கப்படுகிறது. தமிழ் வழங்கிய முஸ்லிம் மரக்கலக்காரர் ஒருவரின் உடைமை, தென்கடலின் கோடியிலுள்ள தீவுக்கு எவ்வாறு சென்றது என்பது இன்றளவும் துணியப்படவில்லை. மாவோரி மக்கள் அதனைக் கவிழ்த்துச் சமையற்கலமாகப் பயன்படுத்தி வந்தனர்.

அதனை அவர்களிடம் கண்டு பெற்றுக் காத்தவர் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவச் சபை அச்சுக்காரர். பைஹியா என்னும் ஊரில் அச்சுக்கூடம் நடத்திய அவர், மாவோரி மொழியில் பெயர்க்கப்பட்ட புதிய ஏற்பாட்டை 1837-இல் 5000 படிகள் அச்சிட்டு முடித்தார். நாம் ஆராயப் புகுந்த உடன்படிக்கையின் மாவோரி வடிவத்தை 1840 பிப்ரவரி 17-ஆம் நாள் 200 படிகள் அச்சிட்டவரும் இவரே. எனவே, நம் முன்னோர் ஒருவரின் பெயரைச் சுமந்த மணியைக் காத்த கையும், மாவோரியரின் தலைவிதியை எழுதிய ஏட்டை அச்சேற்றிய கையும் ஒன்றே.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டிய செய்தி இன்னும் ஒன்றுண்டு. உடன்படிக்கையில் தலைவர்கள் கையொப்பமிடத் தொடங்கிய வேளையில், இதன் பொருளை இவர்கள் விளங்கிக் கொண்டார்களா என்று கொலென்சோ எழுந்து ஆளுநர் பொறுப்பேற்க வந்திருந்த ஹாப்சனிடம் கேட்டார். விளங்க வைக்கத் தம்மால் இயன்றதைச் செய்தாயிற்று என்னும் கருத்தில் ஹாப்சன் விடை கூறிவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். இந்நிகழ்ச்சியைக் கொலென்சோவே 50 ஆண்டுகள் கழித்து 1890-இல் நூலாக வெளியிட்டுள்ளார். உரிய நேரத்தில் எழுந்த கேள்வி அது. ஆயினும் அது நாட்டாரின் செவிக்கு அச்சு வழியே சென்று சேர அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்குள் நிலம் கைமாறி முடிந்திருந்தது.

மூலபாடம் எது?

நிற்க. இனி ஆவணத்துக்கு வருவோம். உடன்படிக்கை ஆங்கிலத்தில் வரையப்பட்டது. 1840 பிப்ரவரி 4-ஆம் நாள் மாலை அது ஹென்றி வில்லியம்ஸ் என்னும் பாதிரியாரிடம் தரப்பட்டது. அவரும் அவர்தம் மகன் எட்வர்டும் ஓர் இரவுக்குள் அதனை மாவோரி மொழியில் பெயர்த்தனர். மறுநாள் அது கூட்டத்தில் படிக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் கையொப்பம் தொடங்கிற்று. அவ்வாண்டு பல ஊர்களிலும் 500-க்கும் மேற்பட்ட தலைவர்கள் கையொப்பமிட்டனர். அவர்களுள் ஆங்கிலப் படியில் ஒப்பமிட்டோர் 39 பேரே. ஏனையோர் அனைவரும் மாவோரிப் படியிலேயே ஒப்பமிட்டனர். ஆகவே, அந்த மக்கள் கேட்டதும் இசைந்ததும் மாவோரி மூலத்தையே ஆகும்.

இரண்டு பாடங்களும் ஒன்றுபோல் அமைந்திருந்தால் இவ்வாராய்ச்சிக்கு இடமில்லை. முதற்பிரிவின் ஆங்கில வடிவம், தலைவர்கள் தம் இறையாண்மை முழுவதையும் பிரிட்டிஷ் அரசிக்கு விட்டுக்கொடுப்பதாகக் கூறுகிறது. மாவோரி வடிவமோ, அவர்கள் ‘கவானத்தங்கா’வைக் கொடுப்பதாகக் கூறுகிறது. நம்மூர்ப் பேச்சில் கவர்னர் என்று வழங்கும் ஆங்கிலச் சொல்லே அவர்கள் நாவில் ‘கவானா’ ஆயிற்று. அதனோடு பண்புப்பெயர் விகுதி சேர்த்துக் கவானாவின் பணி என்னும் பொருளில் அமைக்கப்பட்ட புதுச்சொல் அது. அச்சொல்லை அவர்கள் விவிலிய மொழிபெயர்ப்பில் ரோமப் பேரரசின் ஆளுநராகிய பிலாத்துவின் பட்டப்பெயராகவும் அறிந்திருந்தனர். அரபியில் வாலி என்பதற்கும் சுல்தான் என்பதற்கும் உள்ள தொலைவை அறிந்தவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். வாலி ஆள்வான், ஆயினும் ஆட்சிக்கு உடையவன் அவனல்லன்.

இரண்டாம் பிரிவில் முரண் இன்னும் பெரிது. ஆங்கில வடிவம் நிலங்கள், உடைமைகள், காடுகள், மீன்பிடி இடங்கள் ஆகியவற்றின் இடையூறற்ற உடைமையை மாவோரியர்க்கு உறுதி செய்கிறது. மாவோரி வடிவம் ‘ரங்கத்திரத்தங்கா’வை உறுதி செய்கிறது. ரங்கத்திரா என்றால் தலைவர். ரங்கத்திரத்தங்கா என்பது தலைமையின் முழு அதிகாரம். நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் ‘தாவொங்கா’ அனைத்தின் மீதும் அவ்வதிகாரம் நீடிக்கும் என்று அப்பாடம் கூறுகிறது. தாவொங்கா என்பது போற்றிக் காக்கத்தக்க செல்வங்கள் யாவற்றையும் குறிக்கும் சொல். ஒரு பாடத்தின்படி தலைமையதிகாரம் கைவிட்டுப் போகிறது. மற்றொரு பாடத்தின்படி அது கையில் நிற்கிறது. ஒரே நாளில், ஒரே கூடாரத்தில், ஒரே உடன்படிக்கை என்ற பெயரால் இவ்விரண்டும் நிகழ்ந்தன.

இது வஞ்சமா, விரைவால் வந்த பிழையா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். ஓர் இரவுக்குள் செய்த வேலை என்பதை மொழிபெயர்ப்பாளர் சார்பில் சொல்ல வேண்டும். ஆயினும் எதிர்ச்சான்று ஒன்றுண்டு. 1835-இல் வடபகுதித் தலைவர்கள் தம் விடுதலையை அறிவித்து ஓர் ஆவணம் வெளியிட்டனர். அதனை மாவோரியில் பெயர்த்தவரும் இதே ஹென்றி வில்லியம்ஸ்தான். அங்கே இறையதிகாரத்தைக் குறிக்க அவர் ‘மனா’ என்னும் சொல்லை ஆண்டார். நாட்டின் ‘மனா’வை விட்டுக்கொடுங்கள் என்று 1840-இல் எழுதியிருந்தால் எந்தத் தலைவரும் எழுதுகோலைத் தொட்டிருப்பாரா என்பது ஐயமே. தக்க சொல் கைவசம் இருந்தும் அது எடுக்கப்படவில்லை. மொழிபெயர்ப்பு ஓர் அமானிதம். ஒரு மொழியார் நம்பி ஒப்படைத்ததை மறு மொழியாரிடம் குறையாமல் சேர்க்கக் கடமைப்பட்டவர் மொழிபெயர்ப்பாளர். உள்நோக்கம் எதுவாயினும், இங்கே அமானிதம் நிறைவேறவில்லை என்பதே நம் முடிவு.

இம்முரணை ஆராய்ச்சியுலகின் நடுவே வைத்தவர் ரூத் ராஸ் என்னும் பெண்மணி. 1972-இல் அவர் எழுதிய கட்டுரை மாவோரிப் பாடத்தின் முதன்மையை நிலைநாட்டிற்று. 1975-இல் சட்டத்தால் நிறுவப்பட்ட வைத்தாங்கி நடுவர் மன்றமும், 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்ட வடபகுதித் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று 2014-இல் முடிவு கூறிற்று. மூலபாடத்துக்குத் திரும்ப 174 ஆண்டுகள் தேவைப்பட்டன.

மூன்று பறவைகள்

இடைப்பட்ட காலத்தில் மக்களுக்கு விளக்கவுரை எழுதியவை செய்தி ஏடுகளே. மாவோரி மொழியின் முதற் செய்தித்தாள் 1842-இல் வெளிவந்தது. ‘தே கரேரே’, அதாவது தூதுவன் என்பது அதன் பெயரின் தொடக்கம். அதனை வெளியிட்டது அரசு. மொழி மாவோரியரது, குரல் ஆளுநரது. ஆள்வோரின் சட்டங்களையும் விருப்பங்களையும் மக்களிடம் கொண்டு சென்றதே அத்தூதுவனின் முதன்மைப் பணி.

மக்களே அச்சுப்பொறி கொண்ட வரலாறு சுவையானது. நொவாரா என்னும் ஆஸ்திரியக் கப்பலில் 1859-இல் விரேமு தோய்தோய், தே ஹேமரா ரேரேஹாவு என்னும் இரு மாவோரியர் வியன்னா நகருக்குச் சென்று அங்கே அரசாங்க அச்சகத்தில் தொழில் பயின்றனர். திரும்புகையில் அவர்களுக்கு அச்சுப்பொறியும் எழுத்துகளும் அன்பளிப்பாகத் தரப்பட்டன. நிலவிற்பனையைத் தடுத்து நிறுத்தவும் தம் மக்களை ஒன்றுபடுத்தவும் மாவோரியர் 1858-இல் தமக்கென ஓர் அரசரை அமர்த்தியிருந்தனர். அவ்வியக்கத்தின் ஏடாக, படாரா தே துஹி என்பாரை ஆசிரியராகக் கொண்டு, 1862-இல் ஙாருவாவாஹியா ஊரிலிருந்து ‘தே ஹோகியோய்’ வெளிவந்தது. ஹோகியோய் என்பது கண்ணுக்குப் புலப்படாமல் இரவில் குரல் மட்டும் கேட்கும் பெரும்பறவை என்றும், அதன் குரல் போரின் அறிகுறி என்றும் மாவோரியர் நம்பினர்.

அரசு இதனைப் பொறுக்கவில்லை. ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் கீழ், ஜான் கோர்ஸ்ட் என்னும் அதிகாரி 1863 பிப்ரவரியில் தே அவாமுத்து என்னும் ஊரில் எதிரேடு ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயரும் பறவையின் பெயரே: கூரைமேல் தனித்திருக்கும் பீஹோய்ஹோய், அதாவது தனிக்குருவி. மாவோரி அரசரின் இயக்கம் தீயது என்று நிறுவுவதே அதன் நோக்கம். அரசரின் மக்கள் வாழும் பகுதியின் நடுவிலேயே அது அச்சிடப்பட்டது. அடுத்த மாதமே ரெவி மனியாபோத்தோ என்னும் தலைவரின் ஆட்கள் வந்து அச்சுக்கூடத்தைக் கைப்பற்றினர். கோர்ஸ்டுக்கு உடல் ஊறு எதுவும் நேரவில்லை, ஏடு நின்றது. 1863 ஜூலையில் பிரிட்டிஷ் படை எல்லை ஓடையைக் கடந்து வைக்காத்தோ நாட்டினுள் புகுந்தது. ஹோகியோயின் குரலும் அவ்வாண்டிலேயே அடங்கியது. அதன்பின் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலம் அம்மக்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டது.

இவ்விரு ஏடுகளையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு ஒரு நுட்பம் புலப்படும். இரண்டும் மாவோரி மொழியிலேயே எழுதப்பட்டன. கோர்ஸ்ட் கல்வியாளர், மாவோரியர்பால் பரிவும் உடையவர், பின்னர் அவர் எழுதிய நூலில் அரசின் குறைகளையும் மறைக்கவில்லை. ஆயினும் அவருடைய ஏட்டில் மாவோரியர் அறிவுரை கேட்க வேண்டியவராக நின்றனர். ஹோகியோயில் அவர்கள் கருத்துரைப்பவராக நின்றனர். தாய்மொழியில் அச்சிட்டுவிட்டாலே ஓர் ஏடு மக்களின் ஏடாகிவிடாது. கேள்வி யாருடையது என்பதே அளவுகோல். அச்சுக்கூடத்தை வன்மையால் கைப்பற்றியதை நாம் போற்றவில்லை. வாதத்துக்கு விடை வாதமே. ஆயினும் படையையும் பணத்தையும் பின்னணியாகக் கொண்ட ஏடும், அன்பளிப்பாக வந்த பொறியில் அச்சான ஏடும் சமமான இருவர் நிகழ்த்திய வாதம் என்று சொல்லுதல் நேர்மையாகாது.

மூன்றாம் பறவை ஹூயியா. அதன் இறகைத் தலைவர்கள் முடியில் அணிந்து வந்தனர். 1892-இல் மாவோரியர் பல குலத்தாரையும் ஒன்றுகூட்டிக் ‘கோத்தஹித்தங்கா’, அதாவது ஒற்றுமை என்னும் பெயரில் தமக்கென ஒரு மன்றம் அமைத்தனர். அதன் செய்திகளைத் தாங்கி 1893-இல் ‘ஹூயியா தங்கதா கோத்தஹி’ என்னும் ஏடு வெளிவரலாயிற்று. அவ்வாண்டு அம்மன்றத்தில் மேரி தே தை மங்ககாஹியா என்னும் பெண்மணி எழுந்து, பெண்டிர்க்கு வாக்குரிமை மட்டுமன்று, உறுப்பினராக அமரும் உரிமையும் வேண்டும் என்று வாதிட்டார். நிலமுடைய பெண்கள் பலர் இருக்க, அவர்கள் குரல் இல்லாமல் நிலத்தைப் பற்றி எவ்வாறு முடிவு செய்யலாம் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். அதே 1893-இன் செப்டம்பரில் நியூசிலாந்துப் பெண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். ஆனால் நாட்டின் நாடாளுமன்றத்தில் பெண்கள் உறுப்பினராக நிற்க 1919 வரை காத்திருக்க நேர்ந்தது.

நான்கு இருக்கைகள்

போருக்குப் பின் 1867-இல் மாவோரியர்க்கு நாடாளுமன்றத்தில் தனியாக நான்கு இருக்கைகள் வழங்கப்பட்டன. 21 வயது நிறைந்த மாவோரி ஆடவர் அனைவரும் சொத்துத் தகுதியின்றி வாக்களிக்கலாயினர். பாக்கேஹா எனப்படும் வெள்ளையருள் ஆடவர் யாவருக்கும் அவ்வுரிமை 1879-இல்தான் வந்தது. இதனைச் சுட்டி அரசின் தாராளத்தைப் போற்றுவோர் உளர். போற்றுமுன் எண்ணிக்கையையும் நோக்க வேண்டும். அன்று வெள்ளையர்க்கு இருந்த இருக்கைகள் 72. மக்கள்தொகை விகிதப்படி பகிர்ந்திருந்தால் மாவோரியர்க்கு 14 முதல் 16 வரை கிடைத்திருக்கும். ஐந்தாண்டுக்கான தற்காலிக ஏற்பாடு என்று வந்த நான்கு, 1990-களின் நடுப்பகுதி வரை நான்காகவே நின்றது. 1996-இல் புதிய தேர்தல் முறை வந்தபோதுதான் மாவோரி வாக்காளர் பதிவைப் பொறுத்து எண்ணிக்கை மாறலாயிற்று. 2002 முதல் அது ஏழு.

வாக்களிக்கும் முறையிலும் வேற்றுமை இருந்தது. பிறர்க்கு மறைவு வாக்குச் சீட்டு 1870-இலேயே வந்துவிட்டது. மாவோரியரோ தம் விருப்பத்தை அதிகாரியின் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இந்நிலை 1938-ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் நீங்கிற்று. பேசவேண்டிய மன்றத்தில் மொழி தெரியாமல் வாய்மூடியிருக்க வேண்டும். மறைவாய் இருக்கவேண்டிய இடத்தில் வாய்திறக்க வேண்டும். இதனினும் வேடிக்கையான ஏற்பாட்டை எண்ணிப் பார்த்தல் அரிது.

1868-இல் மன்றம் புகுந்த முதல் மாவோரி உறுப்பினர் நால்வருள் தரேஹா தே மோவானானுய் முதலில் பேசினார். மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி அவர் சொல் பிறர்க்கு விளங்கவில்லை. மன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாடு 2010-இல்தான் வந்தது. பேச்சு விளங்கினாலும் கேட்கும் செவி வேண்டுமே! 1894-இல் ஹோனே ஹேகே ஙாபுவா என்னும் இளம் உறுப்பினர் மாவோரியர்க்குத் தன்னாட்சி கேட்டு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். வெள்ளை உறுப்பினர்கள் பலர் எழுந்து வெளியே சென்றுவிட்டனர். போதிய உறுப்பினர் இன்மையால் அவை கலைந்தது. எதிர்த்து வாக்களித்திருந்தால் அது விடை. எழுந்து சென்றது விடையன்று.

ஒரு சொல் திறந்த கதவு

பள்ளிகளில் மாவோரி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. மொழி வீட்டிலும் மங்கியது. ஏடுகளும் ஒவ்வொன்றாய் மறைந்தன. 1972 செப்டம்பரில், பள்ளிகளில் மாவோரி மொழி கற்பிக்கக் கோரி 30,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1975-இல் முதிய பெருமாட்டி வீனா கூப்பர் தலைமையில் வடகோடியிலிருந்து வெல்லிங்டன் வரை நிலவுரிமைப் பேரணி நடந்தது.

1985-இல் மொழிக்காவலர் சிலர் வைத்தாங்கி நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் பற்றிக்கொண்டது ஒரே சொல்: தாவொங்கா. உடன்படிக்கையின் மாவோரிப் பாடம் தாவொங்கா அனைத்தையும் காப்பதாக உறுதி கூறுகிறதன்றோ? மொழியினும் சிறந்த தாவொங்கா யாது? ஆங்கிலப் பாடம் ஒன்றே இருந்திருப்பின் இவ்வழக்குக்கு இடமேயில்லை. காடும் மீனும் அங்குண்டு, மொழி இல்லை. 1986-இல் நடுவர் மன்றம் வழக்கை ஏற்றது. 1987-இல் மாவோரி ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. வானொலி, தொலைக்காட்சி அலைவரிசைகளைப் பற்றிய வழக்குகள் தொடர்ந்தன. குல வானொலிகள் பெருகின. 2004 மார்ச் 28-ஆம் நாள் மாவோரித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 147 ஆண்டுகளுக்கு முன் கொலென்சோவின் அச்சுக்கூடத்தில் பதிந்த ஒரு சொல் 1987-இல் இவ்வாறு கதவைத் திறந்தது.

தே கரேரே என்னும் பழைய பெயர் இக்காலத்தில் மீண்டும் எழுந்ததும் குறிக்கத்தக்கது. 1983-இல் நாட்டின் தொலைக்காட்சியில் மாவோரி மொழிச் செய்தி சில நிமிடங்கள் இடம்பெறத் தொடங்கியபோது அதற்கு அதே பெயர் சூட்டப்பட்டது. 1842-இன் தூதுவன் ஆளுநரிடமிருந்து மக்களிடம் வந்தான். 1983-இன் தூதுவன் மக்களிடமிருந்து மக்களிடம் சென்றான். பெயர் ஒன்றே, வந்த திசை வேறு.

கண்டதும் கேளாததும்

பெரிய ஏடுகளின் போக்கு என்ன? 2020 நவம்பர் 30-ஆம் நாள் நியூசிலாந்தின் பெருஞ்செய்தி நிறுவனமாகிய ஸ்டஃப், தன் ஏடுகள் 160 ஆண்டுகளாக மாவோரியரைப் பற்றி ஒருதலையாக எழுதி வந்ததை ஆராய்ந்து, இரு மொழிகளிலும் முதற்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. ஏடுகள் பிறர் குற்றத்தை எழுதுவது நாடோறும் காண்பது. தம் குற்றத்தைத் தாமே எழுதுவது அரிது. இதனை மனமாரப் பாராட்டுகிறோம்.

மறுபுறத்தாரின் கருத்தையும் கூறுதல் முறை. 2021 முதல் அந்நாட்டு அரசு செய்தித்துறையைத் தாங்க 5.5 கோடி டாலர் நிதி ஒதுக்கிற்று. உடன்படிக்கையை மதித்து நடத்தல் அந்நிதியைப் பெறுவோர்க்கு ஒரு நிபந்தனையாயிற்று. ஏடுகள் விலைக்கு வாங்கப்பட்டன என்று எதிர்ப்பாளர் கூறினர். வாங்கப்பட்டன என்பதை நாம் ஏற்கவில்லை. ஆயினும் நற்செயலுக்காயினும் ஆள்வோர் பணத்தால் இயங்கும் ஏட்டின் மீது ஐயம் விழுதல் இயல்பே. பீஹோய்ஹோயின் கதை அறிந்தோர் இதனைத் தள்ளிவிட முடியாது. மக்களின் ஏடு மக்களின் காசில் நிற்பதே உறுதி.

2024-இல் இவை யாவும் ஓர் உச்சத்தை அடைந்தன. உடன்படிக்கையின் கோட்பாடுகளை நாடாளுமன்றமே வரையறுத்துவிட வேண்டும் என்னும் மசோதா நவம்பர் 14-ஆம் நாள் முதல் வாசிப்புக்கு வந்தது. அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்பதே தம் நோக்கம் என்றனர் அதனைக் கொண்டுவந்தோர். சமத்துவம் உயர்ந்த சொல்லே. ஆயினும் இருவர் செய்த உடன்படிக்கையின் பொருளை ஒருவரே மாற்றி எழுதுதல் சமத்துவமாகுமா என்பது மாவோரியர் கேள்வி. அவ்வேளையில் ஹானா ராவ்ஹிதி மைப்பி கிளார்க் என்னும் இளம் பெண் உறுப்பினர் மசோதாவின் படியைக் கிழித்து, தம் மரபின் ஹாக்காவை எழுப்பினார். அக்காட்சியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டனர். நவம்பர் 19-ஆம் நாள் வெல்லிங்டனில் திரண்ட பேரணியில் ஏறத்தாழ 42,000 பேர் கலந்துகொண்டதாகக் காவல்துறை மதிப்பிட்டது.

அந்த ஒரு நிமிடக் காட்சியைக் கண்டோருள் எத்தனை பேர் கவானத்தங்கா என்னும் சொல்லைக் கேட்டிருப்பர்? கிழிந்த தாள் தெரிந்தது. தாளில் எழுதியிருந்தது தெரியவில்லை. சினம் பரவிய விரைவில் காரணம் பரவவில்லை. தொல்குடிகளைக் கண்ணுக்கு விருந்தாக்கிச் செவிக்கு மறைப்பது இக்கால ஊடகங்களின் பெருங்குறை. காண்பது வேறு, கேட்பது வேறு.

கேட்கும் வேலை வேறோரிடத்தில் நடந்தது. மசோதாவின் மீது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகள் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதி அனுப்பப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது எதிர்ப்பு. குல வானொலிகளும் மாவோரித் தொலைக்காட்சியும் மக்கள் மொழியில் பொருளை விளக்கியிருந்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பது நம் துணிபு. 2025 ஏப்ரல் 10-ஆம் நாள் மசோதா 112-க்கு 11 என்னும் வாக்குகளால் வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூனில், ஹாக்கா எழுப்பியதற்காக அந்த இளம் உறுப்பினர் 7 நாள்களும், அவர் கட்சியின் இரு தலைவர்கள் 21 நாள்களும் அவையிலிருந்து விலக்கப்பட்டனர். வெற்றியும் தண்டனையும் ஒருசேர வந்தன.

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிவு இதுதான். 1867-இல் இருக்கை வந்தது, குரல் வரவில்லை. 1987-க்குப் பின் குரலுக்கு வாயில் கிடைத்தது. அதன்பிறகே இருக்கைக்கு வலிமை வந்தது. அவ்வாயிலைத் திறந்ததோ மூலபாடத்தின் ஒரு சொல். ஆகவே தம் மொழியின் சொற்பொருளைக் காக்கும் கல்வியும், தம் கேள்வியைத் தாமே எழுப்பும் ஏடும், மன்றத்தில் அமரும் இருக்கையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்று முறிந்தால் மற்றவை சாயும்.

நம் இல்லங்களில் ஏடு படிக்கும் பெரியோரும் இளையோரும் ஒரு வழக்கத்தை மேற்கொள்ளலாம். ஏதேனும் ஒரு மக்களைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, இச்செய்தியில் பேசுவோர் அவர்களா, அவர்களைப் பற்றிப் பிறரா என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல் அவர்கள் மொழியில் என்ன பொருள் உடையது என்று அடுத்துக் கேளுங்கள். விடை கிடைக்கும் வரை தீர்ப்பை நிறுத்தி வையுங்கள். முன்னே மத்ன், பின்னே ஷரஹ் என்று நம் ஆசான்கள் வகுத்த ஒழுங்கு, பிறர்க்கு நீதி வழங்கும் ஒழுங்குமாகும்.